ஆற்றில் போட்டவரும் அளந்து போட்டவரும்

1957 அக்டோபர். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரம். 24 வயது லிட்டில் ரிச்சர்டு தன் விரல்களில் மின்னிய மோதிரங்களைக் கழற்றி ஹன்டர் ஆற்றில் எறிந்தார். அந்த மாதம் 4-ஆம் தேதிதான் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியிருந்தார்கள். மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து போவதைப் பார்த்ததாகவும், அது ஆண்டவர் தனக்கு விடுத்த எச்சரிக்கை என்று புரிந்துகொண்டதாகவும் ரிச்சர்டு சொன்னார். இனி ராக் அண்ட் ரோல் கிடையாது, வேதம்தான் என்றார். உடன் வந்த வாத்தியக்காரர் ஒருவர் அதை நம்பாமல் சீண்டினார். அவருக்கான பதிலாகத்தான் மோதிரங்கள் தண்ணீரில் விழுந்தன. சுற்றுப்பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ரிச்சர்டு ஊர் திரும்பிவிட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம்மூர்ப் பழமொழி. அமெரிக்கப் பாட்டுக்காரர்களில் அதை ஆயுள் முழுக்கக் கடைப்பிடித்தவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால், நான் சக் பெர்ரியைக் காட்டுவேன். ரிச்சர்டு மோதிரங்களைத் தலைமுழுகிய அதே காலத்தில் பெர்ரி பாட்டில் வந்த காசை நிலத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மிசூரி மாநிலத்தின் வென்ட்ஸ்வில்லில் மனை வாங்கினார்; 1958-ல் செயின்ட் லூயிஸில் சொந்தமாக இரவு விடுதி திறந்தார்.

இருவரும் 1955-ல் வெளிச்சத்துக்கு வந்தவர்கள். இருவரும் கறுப்பர்கள். முதல் வெற்றிப் பாட்டிலேயே இருவர் மடியிலும் கை வைத்தார்கள். பறிகொடுத்த பிறகு ஒருவர் கணக்கு நோட்டைத் திறந்தார், மற்றவர் வேதப் புத்தகத்தைத் திறந்தார். ராக் அண்ட் ரோலின் கதையை எல்விஸ் பிரஸ்லியிடம் தொடங்குவது வழக்கம். எனக்கு இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த இசை எதனால் ஆனது என்பது பிடிபடுகிறது.

பெர்ரி பிறந்தது 1926 அக்டோபர் 18-இல், செயின்ட் லூயிஸில். கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் கௌரவமாகக் காலூன்றியிருந்த பகுதி அது. அப்பா கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர், பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். அம்மா படித்தவர், ஆசிரியப் பணியில் இருந்தவர். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 1944-இல், பள்ளியை முடிக்கும் முன்பே, கான்சஸ் சிட்டியில் ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்துப் பிடிபட்டு, சீர்திருத்தச் சிறையில் அடைபட்டான். வெளியே வந்தது 21-ஆம் பிறந்த நாளில். பிறகு கல்யாணம், கார் தொழிற்சாலை வேலை, கட்டடத் துப்புரவு, போரோ கல்லூரியில் சிகை அலங்காரப் பயிற்சி. கிட்டார் அப்போது கூடுதல் வருமானத்துக்கான வழி, அவ்வளவுதான். 1952-இன் கடைசி இரவில் பியானோக்காரர் ஜானி ஜான்சன் தன் குழுவில் ஒருவர் வராமல் போகவே பெர்ரியைக் கூப்பிட்டார். கிழக்கு செயின்ட் லூயிஸின் காஸ்மபாலிடன் கிளப்பில் அன்று ஒரு நாளுக்கென்று வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

லிட்டில் ரிச்சர்டு என்கிற ரிச்சர்டு பென்னிமன் ஆறு வயது இளையவர்; 1932 டிசம்பர் 5-இல் ஜார்ஜியாவின் மேக்கனில், 12 பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். அப்பா கொத்தனார். இவரும் சபை டீக்கன்தான். கூடவே கள்ளச் சாராயம் விற்றார், இரவு விடுதியும் நடத்தினார். சனிக்கிழமை சாராயமும் ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு. பிற்காலத்தில் ரிச்சர்டு மேடைக்கும் சபைக்கும் இடையே மாறி மாறி ஓடியதைப் பலர் கிறுக்குத்தனம் என்று எழுதினார்கள். எனக்கு அதில் அப்பன் வீட்டு வழக்கம்தான் தெரிகிறது. பெண் சாயல் கொண்ட பிள்ளையை அந்த அப்பாவால் சகிக்க முடியவில்லை. பையன் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறினான். 1947-இல், 14 வயதில், மேக்கன் நகர அரங்கில் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் அவன் பாடியதைக் கேட்டு மேடையேற்றிக் கையில் பணமும் கொடுத்தார். மின் கிட்டாரோடு தேவனைப் பாடிய அந்தப் பெண்மணியிடமிருந்து ராக் அண்ட் ரோல் வாங்கிய கடன் பெரியது. 1952-இல் அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். பெரிய குடும்பம். மகன் மேக்கன் கிரேஹவுண்ட் பஸ் நிலையத்தில் பாத்திரம் தேய்த்தான்.

1955 மே மாதம் பெர்ரி சிக்காகோ போய் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் கச்சேரியைக் கேட்டார். பாட்டைப் பதிவு செய்ய யாரைப் பார்க்க வேண்டும் என்று அவரிடமே கேட்டார். இசைத்தட்டு நிறுவனம் நடத்திய லியனார்ட் செஸ்ஸைப் பார் என்றார் மடி. ப்ளூஸ் பாட்டுகள்தான் எடுபடும் என்று நினைத்துப் பெர்ரி கொண்டுபோனார். செஸ்ஸின் காது நின்றதோ "ஐடா ரெட்" என்ற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டைத் தழுவிய ஒன்றில். பெயரை மாற்றச் சொன்னார். கண் மை டப்பா ஒன்றின் பெயரை ஒட்டி அது "மேபலீன்" ஆயிற்று. மே 21-இல் பதிவு. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் ஐந்தாம் இடம்.

நான்கு மாதம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் கோஸிமோ மட்டாசாவின் ஸ்டூடியோ. ஸ்பெஷால்டி நிறுவனத்துக்காக பம்ப்ஸ் பிளாக்வெல் பதிவு நடத்துகிறார். ரிச்சர்டு ப்ளூஸ் பாடுகிறார், பரவாயில்லை ரகம். இரண்டாம் நாள், செப்டம்பர் 14, சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் டியூ ட்ராப் இன் என்ற விடுதிக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பியானோ, சுற்றிலும் ஆட்கள். ஸ்டூடியோவில் கூசிக் குறுகியிருந்தவர் அங்கே துள்ளி எழுந்து பச்சையான பாட்டு ஒன்றை முழங்குகிறார். பிளாக்வெல்லுக்குத் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு வானொலிப் பக்கமே போக முடியாது. டாரதி லாபோஸ்ட்ரி என்ற இளம் பாடலாசிரியையை வரவழைக்கிறார்கள். பெண்பிள்ளை முன்னால் பாட வெட்கப்பட்டு ரிச்சர்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடிக் காட்டினாராம். லாபோஸ்ட்ரி சொற்களைக் கழுவித் துடைத்துத் தர, மிச்சமிருந்த கால் மணி நேரத்தில் "டுட்டி ஃப்ரூட்டி" பதிவானது. பிளாக்வெல் சொன்ன கதை இது; லாபோஸ்ட்ரியோ பாட்டே தன்னுடையது என்றார். யார் பக்கம் நியாயம் என்றாலும், சுவரைப் பார்த்து நின்ற அந்த உருவத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஊரையே அலற வைக்கப் போகிறவர் ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டக் கூசி நிற்கிறார்.

இனி இசைக்கு வருவோம். அன்றைய ரிதம் அண்ட் ப்ளூஸின் நடை 'ஷஃபிள்'. நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை, அதில் முதல் இரண்டு மாத்திரையும் ஒட்டிக்கொண்டது; நெடில், குறில், நெடில், குறில் என்று லேசாக நொண்டிக்கொண்டே போகும். ரிச்சர்டின் வலது கையோ பியானோவில் சமமாகக் குத்தியது, எட்டுக்கும் எட்டுக் குத்து, சுத்தச் சதுஸ்ரம். டிரம்மர் ஏர்ல் பால்மருக்கு வேறு வழியில்லை. அந்தக் கையோடு ஓட வேண்டுமென்றால் தானும் நொண்டுவதை விட வேண்டும் என்று கண்டுகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்க ராக் டிரம்ஸ் இன்று அடிக்கும் அடியின் தொடக்கங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பெர்ரியின் இசைத்தட்டுகளில் இது வேறு மாதிரி. அவர் கிட்டார் சதுஸ்ரத்தில் வெட்டிக்கொண்டு போகும். பின்னால் ஃபிரெட் பிலோ போன்ற சிக்காகோ ஆட்கள் பழைய திஸ்ரத்திலேயே ஆடுவார்கள். இரண்டும் உரசும். அந்த உரசலில்தான் பெர்ரி பாட்டின் ருசி. பின்னாளில் அவரைப் பிரதி எடுத்தவர்கள் பலர் குழு முழுவதையும் நேராக்கிவிட்டு, ஏதோ குறைகிறதே என்று தவித்தார்கள்.

பெர்ரி சொல் பக்கம். நாட் கிங் கோலின் உச்சரிப்பை வியந்தவர். ஒரு எழுத்துகூட மழுங்காமல் பாடுவார். அது ரசனை மட்டுமல்ல, கணக்கும்கூட. வெள்ளைக்காரர்கள் வந்தால் நாட்டுப்புறப் பாட்டைத் தெளிந்த உச்சரிப்பிலும், தன் ஆட்களுக்கு ப்ளூஸை அதற்குரிய கொச்சையிலும் பாடுவதாகத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். விளைவு என்னவென்றால், வானொலியில் கேட்டவர்கள் அவரை வெள்ளைக்காரர் என்று நினைத்தார்கள். நாக்ஸ்வில் நகரில் ஒரு நடன அரங்குக்குப் பாட வந்தவரை, கறுப்பர் என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே வெள்ளையர் குழு ஒன்று அவருடைய பாட்டையே வாசித்தது. முப்பது வயதில் "ஸ்கூல் டேஸ்" எழுதினார்: மணி அடிப்பது, பாடம், மூன்று மணிக்குப் பை தூக்கிக்கொண்டு ஓடுவது. தட்டு வாங்குபவர்கள் பள்ளிப் பிள்ளைகள், கையில் கார் சாவி இருக்கிறவர்கள். அவர்களிடம் எது பொதுவோ அதை எழுதினார். "ஜானி பி. குட்" பாட்டின் நாயகனை முதலில் கறுப்பினப் பையன் என்று எழுதி, வானொலியை நினைத்து நாட்டுப்புறப் பையனாக்கினார். குட் என்பது தான் பிறந்த தெருவின் பெயர். தன்னைக் கொஞ்சம் மறைத்து, கொஞ்சம் வைத்து எழுதிய பாட்டு.

ரிச்சர்டிடம் சொல்லைத் தேடினால் ஏமாற்றம்தான். "டுட்டி ஃப்ரூட்டி" தொடங்குவதே டிரம்ஸின் அடியை வாயால் சொல்லும் சொற்கட்டில். கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. பொருள் இல்லாத அசைகளுக்கு எவ்வளவு வேலை உண்டு என்பது நமக்குத் தெரியும். சபையில் ஆவி வந்து ஆடுகிறவர்களின் கூவலை அவர் இரவு விடுதிக்குக் கொண்டுவந்தார். கொண்டை, கண் மை, பவுடர், எஸ்கெரிட்டா என்ற பியானோக்காரரிடம் கற்ற வாசிப்பு, பில்லி ரைட் என்ற பாடகரிடமிருந்து எடுத்த அலங்காரம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பாட்டு. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பவுடரிலும் கணக்கு இருந்தது. முகத்தில் சாயம் பூசிய ஆளை வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஆபத்தானவனாக யாரும் நினைக்க மாட்டார்கள், அதனால் வெள்ளையர் அரங்குகளில் தொல்லை இராது என்று அவர் விளக்கியிருக்கிறார். ஆற்றில் போட்டவருக்கு அளக்கவே தெரியாது என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

இப்போது திருட்டுக்கு வருவோம். "மேபலீன்" தட்டு அச்சாகி வந்தபோது பாட்டை எழுதியவர்களாக மூன்று பெயர்கள் இருந்தன. பெர்ரியைத் தவிர மற்ற இருவர், புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், செஸ் நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ரஸ் ஃப்ராட்டோ. ஃப்ரீட் வானொலியில் போட்டால் பாட்டு ஓடும். ஓடினால் அவருக்கும் பங்கு. ஒரு வரிகூட எழுதாமல் பாடலாசிரியர் ஆவது எப்படி என்று அங்கே கற்றுக்கொள்ளலாம். பாட்டு முழுவதும் தன் பெயருக்குத் திரும்பி வரப் பெர்ரி 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரிச்சர்டு சொன்ன கணக்குப்படி அவருக்குக் கிடைத்தது தட்டு ஒன்றுக்கு அரை சென்ட். போதாததற்கு, "டுட்டி ஃப்ரூட்டி"யை பேட் பூன் என்ற வெள்ளைக்காரப் பாடகர் இஸ்திரி போட்டாற்போல மடிப்புக் கலையாமல் பாட, அது பட்டியலில் ரிச்சர்டையே தாண்டிப் போனது. அடுத்த பாட்டான "லாங் டால் சாலி"யைப் பூனின் நாக்கு எட்டாத வேகத்தில் வேண்டுமென்றே பாடினார்கள். பூன் அதையும் பாடினார். ஆனால் இந்த முறை ரிச்சர்டு மேலே நின்றார்.

இரண்டு திருட்டும் ஒன்றல்ல. பெர்ரியிடமிருந்து எடுத்தது சொல்லும் மெட்டும். இரண்டையும் தாளில் எழுத முடியும். எழுதியதற்குச் சட்டத்தில் உடைமை உண்டு. 1963-இல் பீச் பாய்ஸ் குழு "ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்" மெட்டில் வேறு சொற்களைப் போட்டு "சர்ஃபிங் யு.எஸ்.ஏ." பாடியபோது உரிமை பெர்ரி பக்கம் வந்து சேர்ந்தது. ஜான் லெனன்கூட ஒரு வரிக்காக வழக்கில் மாட்டினார். ரிச்சர்டிடமிருந்து எடுத்ததற்கு என்ன பத்திரம்? பால் மெக்கார்ட்னியின் உச்சஸ்தாயிக் கூவல் ரிச்சர்டிடம் கற்றது, மெக்கார்ட்னியே மறைத்ததில்லை. அந்தக் கூவலை எந்தப் பதிவு அலுவலகத்தில் பதிய முடியும்? கொண்டைக்கும் கண் மைக்கும் காப்புரிமை கிடையாது. ஜேம்ஸ் பிரவுனிலிருந்து பிரின்ஸ் வரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ரிச்சர்டு கடைசிவரை 'நானே தொடங்கி வைத்தவன்' என்று மேடைதோறும் கத்திக்கொண்டிருந்ததை வெறும் தற்பெருமை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்திரம் இல்லாதவன் வேறு எப்படி உரிமை கோருவான்? 1988 கிராமி விழாவில் புதுமுகக் கலைஞர் விருதை அறிவிக்க வந்து, உறையைப் பிரித்து, விருது தனக்கே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அரங்கம் சிரித்தது, எழுந்து கைதட்டியது. எனக்கு ஒரு கிராமியும் தந்ததில்லையே என்று அவர் கேட்டதில் சிரிப்பு கொஞ்சம்தான்.

பெர்ரி கண்ட வழி வேறு. கையில காசு, வாயில தோசை. கிட்டார் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாக வருவார். பக்கவாத்தியம் உள்ளூர்க்காரர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும், ஒலிபெருக்கி இன்ன வகை என்று ஒப்பந்தத்தில் இருக்கும், பேசிய தொகை மேடையேறும் முன்பே கைக்கு வர வேண்டும். ஒத்திகை கிடையாது. 1973-இல் அப்படி வாய்த்த பக்கவாத்தியக்காரர்களில் ஒருவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். என்ன பாட்டு வாசிக்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, சக் பெர்ரி பாட்டு என்பதுதான் கிடைத்த பதில் என்று அவர் பின்னர் சிரித்துச் சொன்னார். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலக் கச்சேரிகள் பல கேட்கச் சகிக்கவில்லை: சுருதி விலகிய கிட்டார், எங்கே முடியும் என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள். குழு ஒன்றுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால் இசை பிழைத்திருக்கும். ரொக்கமாக வாங்கிய பழக்கம் வருமான வரித் துறையிடமும் கொண்டுபோய் விட்டது. 1979 ஜூன் 1-இல் வெள்ளை மாளிகையில் ஜிம்மி கார்ட்டர் முன்னால் பாடினார். அடுத்த மாதம் வரி ஏய்ப்புக்காக நான்கு மாதச் சிறைத் தண்டனை.

அது அவருடைய மூன்றாவது சிறை. இரண்டாவதைப் பற்றி அவருடைய ரசிகர்கள் முணுமுணுப்பாகத்தான் பேசுவார்கள். 14 வயதுப் பெண் ஒருத்தியை மாநில எல்லை தாண்டி அழைத்துவந்து தன் விடுதியில் வேலைக்கு வைத்தார். 1959 டிசம்பரில் கைதானார். முதல் விசாரணையில் நீதிபதி இனவெறியோடு பேசியதால் தீர்ப்பு ரத்தானது. மறு விசாரணையிலும் குற்றவாளி என்றே முடிவானது. ஒன்றரை ஆண்டு உள்ளே இருந்தார். நீதிபதியின் வாய் அழுக்கானது என்பதால் அந்தப் பெண்ணுக்கு நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. 1990-இல் தன் உணவகத்தின் பெண்கள் கழிவறையில் கேமரா வைத்தார் என்று பெண்கள் பலர் வழக்குத் தொடுத்தார்கள். பணம் கொடுத்து முடித்துக்கொண்டார். காசில் அத்தனை கறாரான மனிதர்தான் இவர். இதையும் நினைவில் வைத்துக்கொண்டே நான் பாட்டைக் கேட்கிறேன்.

ரிச்சர்டு ஆற்றங்கரையிலிருந்து நேராக அலபாமாவின் ஓக்வுட் கல்லூரிக்கு, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் வேதப் பள்ளிக்கு, போனார். கல்யாணம் செய்துகொண்டார், தேவ பாடல்கள் பதிவு செய்தார். மோசமில்லை, ஆனால் அவர் பெயர் இல்லாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். 1962 அக்டோபரில் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம். முதல் காட்சியில் பக்திப் பாட்டே பாடினார், கூட்டம் நெளிந்தது. அடுத்த காட்சியில் பழைய ரிச்சர்டு எழுந்து வந்துவிட்டார். அந்த மாதம்தான் முதல் தட்டை வெளியிட்டிருந்த பீட்டில்ஸ் என்ற லிவர்பூல் பையன்கள் அவருக்கு முன்பாட்டுப் பாடினார்கள். பிறகு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கொஞ்ச காலம் அவர் குழுவில் கிட்டார் வாசித்தார். எழுபதுகளில் கொக்கெய்ன். 1977-இல் எல்லாவற்றையும் விட்டு மறுபடி வேதம். ஸ்பெஷால்டி மீது 1984-இல் தொடுத்த வழக்கு 1986-இல் சமரசமாக முடிந்தது. தன் உடல் எதை விரும்பியது என்பதைப் பற்றி ஒரு பத்தாண்டில் பெருமையாகவும் அடுத்த பத்தாண்டில் பாவமாகவும் பேசினார். அவரை எந்தப் பக்கமாவது சேர்த்துவிட முயன்றவர்கள் எல்லோரும் தோற்றார்கள்.

அதே 1977-இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் "ஜானி பி. குட்" இருந்தது, இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவிக்குத் துணையாக. ஒருவர் ஸ்புட்னிக்கைப் பார்த்துப் பாட்டை விட்டார், இருபது ஆண்டு கழித்து இன்னொருவர் பாட்டு விண்கலத்தில் ஏறியது. இப்படிப்பட்ட பொருத்தங்களில் அர்த்தம் தேடக் கூடாது என்று தெரிந்தும் எழுதிவைக்கிறேன்.

ஜானி ஜான்சனை விட்டுவிட்டேன். 1986-இல் பெர்ரியின் 60-ஆம் பிறந்த நாளுக்கு செயின்ட் லூயிஸ் ஃபாக்ஸ் அரங்கில் கச்சேரி நடந்தது. சிறுவனாக அப்பாவோடு படம் பார்க்கப் போனபோது கறுப்பர் என்று திருப்பி அனுப்பிய அதே அரங்கு. அதற்கான ஒத்திகைகளைப் படமெடுத்தபோது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் ஒன்றைக் கவனித்தார். பெர்ரியின் பாட்டுகள் கிட்டாருக்கு வசதியான சுருதிகளில் இல்லை, பியானோவுக்கு வசதியான சுருதிகளில் இருக்கின்றன. அப்படியானால் மெட்டுகளில் ஜான்சனின் கை எவ்வளவு? அந்தச் சமயம் ஜான்சன் செயின்ட் லூயிஸில் வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். 2000-இல் பெர்ரி மீது வழக்குப் போட்டார், பல பாட்டுகள் தாங்கள் இருவரும் சேர்ந்து செய்தவை என்று. காலம் கடந்துவிட்டது என்று 2002-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தன் ஒரு பாட்டில் இரண்டு பேர் பங்கு புகுந்ததை முப்பது ஆண்டுகள் பொறுக்க முடியாதவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியானோக்காரரின் பங்கை எண்ணவே இல்லை. ஜான்சன் 2005-இல் இறந்தார். அதுவரை பெர்ரியைப் பற்றிக் கசந்து பேசியவராகத் தெரியவில்லை.

பெர்ரி 2017 மார்ச் 18-இல், 90 வயதில் இறந்தார். செயின்ட் லூயிஸில் மக்கள் பார்வைக்கு வைத்தபோது, திறந்திருந்த சவப்பெட்டி மூடியின் உட்புறத்தில் அவருடைய சிவப்பு கிப்சன் கிட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். ரிச்சர்டு 2020 மே 9-இல் டென்னசியில், 87 வயதில், எலும்புப் புற்றுநோயால் இறந்தார். பியானோ எதுவும் உடன் போகவில்லை. மோதிரங்களை எறிந்துவிட்டுப் படிக்கப் போனாரே, அந்த ஓக்வுட் கல்லூரியின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.